லவன் கப் றோட்டுக்கு அங்காலை போன கதை

லாச்சப்பலிலை மெற்றோவாலை இறங்கி, கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேக்கிற பக்கமா நடந்தியள் எண்டால், ரண்டு கடையள் நேருக்கு நேர் முறைச்சுக்கொண்டு நிக்கிறதைக் காணலாம். இந்தப் பக்கம் தவரத்தினத்தாற்றை பலசரக்குக் கடை. அந்தப் பக்கம் வாமதேவன்ரை ரெலிபோன் கடை. நடுவிலை றோட்டு. ஊரிலையும் இப்பிடித்தான். றோட்டுக்குக் கிழக்கை தவரத்தாற்றை ஆக்கள், மேற்கை வாமதேவன்ரை ஆக்கள். கடல் கடந்து, பனிக்குள்ளாலை நடந்து, நாலு நாட்டுப் பொலிசுக்கும் பேய்க்காட்டிப் பாரிசுக்கு வந்து சேந்த சனம், அந்த றோட்டையும் பாய் மாதிரிச் சுருட்டிப் பைக்குள்ளை வைச்சுக் கொண்டந்திருக்கு.

ரண்டு பேரும் காலமை ஒரே நேரத்திலைதான் கடை ரிடோவைத் தூக்குவினம். தகரம் கடகடவெண்டு மேலை போகேக்கை முதல்லை தெரியிறது வாமதேவன்ரை வண்டி, அந்தப் பெரிய வயிறு, பிறகுதான் முகம். தவரத்தார் "ம்" எண்டுவார். அங்காலையும் "ம்" எண்டு ஒண்டு வரும். அதுதான் அவையின்ரை பொங்ஜூர்.

ரண்டு பேருக்கும் காணிச் சண்டை இல்லை, சீட்டுச் சண்டை இல்லை, கலியாணப் பேச்சுக் குழம்பினதும் இல்லை. எல்லாம் வொலிபோல்தான். கிழக்குப் பக்கத்துக்கு வெண்சங்கு விளையாட்டுக் கழகம். மேற்குப் பக்கத்துக்குச் செங்கதிர். வெண்சங்குக்குத் தலைவர், மனேச்சர், பந்துக்குக் காத்தடிக்கிறவர், தண்ணிப் போத்தல் தூக்கிறவர் எல்லாம் தவரத்தார்தான். செங்கதிருக்கு வாமதேவன். அவர் தண்ணிப் போத்தல் தூக்கிறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தவரத்தாற்றை கடையிலை, காசு வாங்கிற மேசைக்குப் பின்னாலை ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதுக்குள்ளை ஒரு கப். முழங்காலளவு உயரம், ரண்டு காது, மூடியிலை ஒருத்தன் பந்து தூக்கிக்கொண்டு நிப்பான். பக்கத்திலை ஒரு பெடியன்ரை படம். கப்பிலை "லவன் ஞாபகார்த்தக் கிண்ணம்" எண்டு வெட்டியிருக்கு. லவன் தவரத்தாற்றை கடைசித் தம்பி. ஊரிலை வெண்சங்கு விளையாடின காலம் நெற்றடியிலை நிண்டு, அடிக்கிறவனுக்குப் பந்து தூக்கிக் குடுத்தவன்.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையிலை வன்னியிலை இருந்து அவன் ஒருக்கா ரெலிபோன் எடுத்தவன். அதுக்குப் பிறகு எடுக்கேல்லை. கூட நிண்ட ஒருத்தர் கன மாதத்துக்குப் பிறகு தப்பி வந்து, ஆள் இல்லை, நான் கண்டனான் எண்டு சொன்னார். எந்த நாள் எண்டு கேக்க, அந்த மனிசனுக்கும் தெரியேல்லை. அந்த நேரத்திலை ஆர் நாள் பாத்தது எண்டார். தவரத்தார் திவசம் செய்யலாம் எண்டு ஐயரிட்டைப் போக, ஐயர் கேட்ட முதல் கேள்வி, "திதி என்ன?" தவரத்தார் ஐயருக்கு ஒரு கும்பிடு போட்டிட்டு வந்தார்.

வந்த ஆள் வீட்டை போகேல்லை. நேரை கப் விக்கிற கடைக்குப் போனார். திதி இல்லாட்டி என்ன, ஆடி பிறக்கிறதுக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானம் இருக்குத்தானே. அடுத்த வருசமே பொபினி மைதானத்திலை லவன் கப் தொடங்கீட்டுது. ஊர் ஆக்களுக்குள்ளை மட்டும். நாலு ரீம் வரும். உண்மையா விளையாட வாறது வெண்சங்கும் செங்கதிரும்தான். மற்ற ரண்டும் தில்லைநாயகியின்ரை வடைக்கு வாறவை. தில்லைநாயகி ஆரெண்டால் தவரத்தாற்றை மனிசி. மைதானத்து வடைச்சட்டிக்கு அவதான் தலைவர், மனேச்சர் எல்லாம்.

முதல் வருசம் வெண்சங்கு வெண்டுது. அண்டைக்குத் தவரத்தாற்றை கையிலை மைக் அம்பிட்டுப் போச்சு. அந்த ஆளிட்டை மைக் குடுக்கிறதும் குரங்கிட்டைக் கத்தரிக்கோல் குடுக்கிறதும் ஒண்டு. ஒரே மூச்சிலை சட்டமெல்லாம் சொன்னார். பெரிய கப் தன்ரை கடையிலை இருக்கும். வெல்லுறவை சின்னக் கப்பைக் கொண்டு போகலாம். ஆனால் ஆர் தொடர்ந்து மூண்டு தரம் வெல்லினமோ, அவைக்குப் பெரிய கப் சொந்தம். தன்ரை கையாலையே எடுத்துக் குடுப்பாராம். இன்னொண்டு, தாயோ தேப்பனோ எங்கடை ஊராய் இல்லாதவன் இந்தக் கப்புக்கு விளையாடேலாது.

சனம் கை தட்டிச்சுது. வாமதேவனும் தட்டினவர். தட்டிப்போட்டுச் சின்னனாச் சிரிச்சவர் எண்டு பக்கத்திலை நிண்ட ஆக்கள் சொல்லுவினம்.

தவரத்தாற்றை கணக்கு உங்களுக்கு விளங்கும். வெண்சங்கு மூண்டு தரம் வெல்லும், தம்பியின்ரை கப் தம்பியின்ரை ரீமுக்கே வரும், அலுமாரியை விட்டு எங்கையும் போகாது. ரண்டாம் வருசமும் வெண்சங்குதான். மூண்டாம் வருசம் ஆள் அலுமாரிக்குள்ளை சின்ன லைற் கூடப் பூட்டீட்டார். அந்த வருசம்தான் செங்கதிருக்கு அல்பிரட் எண்டு ஒரு பெடியன் வந்தான்.

லெ பிளாங்-மெனிலிலை இருக்கிற பெடியன், இஞ்சையே பிறந்தவன். அந்த ஊர் நகரசபையின்ரை கழகத்திலை சின்னனிலை இருந்து பிரெஞ்சுக்காரரோடை நிண்டு பழகினவன். நெற்றுக்கு மேலாலை எட்டி அடுத்த வீட்டைப் பாக்கிற உயரம். வெண்சங்குப் பெடியள் எண்டு சொல்லுறமே, அவையள் பெடியள் இல்லை பாருங்கோ. ஒருத்தருக்குச் சீனி, ஒருத்தருக்குப் பிறசர், ஒருத்தர் முதல் நாள் ரெஸ்ரோரன்ரிலை ரண்டு நேர வேலையும் செய்துபோட்டு வந்து நெற்றடியிலை நிண்டு கொட்டாவி விடுவார். அல்பிரட் ஒருக்கா எழும்பி அடிச்சானெண்டால், அவையள் பந்தைப் பாக்கிறேல்லை, மனிசி பிள்ளையளை நினைப்பினம்.

அந்த வருசம் செங்கதிர். அடுத்த வருசமும் செங்கதிர்.

இரண்டாயிரத்துப் பதினாலு பிறக்க, தவரத்தாருக்கு நெஞ்சிலை கல்லு ஏறீட்டுது. இன்னும் ஒருக்கா அவங்கள் வெண்டால் கப் றோட்டைக் கடக்கும். காலமை கடை திறந்தோண்ண அவர் செய்யிற முதல் வேலை, கோயிலுக்கெண்டு வாற பூப்பெட்டியிலை இருந்து ஒரு செவ்வந்தியை எடுத்துக் கப்புக்கு முன்னாலை வைக்கிறது. பிரெஞ்சுக்காரர் செவ்வந்தியைச் சவக்காலைக்குத்தான் கொண்டுபோறவை. ஒருநாள் கறித்தூள் வாங்க வந்த ஒரு வெள்ளை மனிசி, ஆர் செத்தது எண்டு கேட்டுப்போட்டா. தவரத்தாருக்குக் கோவம் வந்திட்டுது. "இது விளையாட்டுக் கப்" எண்டு சொல்லி அனுப்பினார். மனிசி கேட்டது பிழையில்லை. ஆனால் தவரத்தாருக்கு அது விளையாட்டுக் கப்தான்.

"இஞ்சாரும்," எண்டார் ஒருநாள் மனிசியிட்டை, அரிசி மூட்டையிலை இருந்துகொண்டு. "இதே மாதிரி இன்னொரு கப் அடிப்பிச்சால் என்ன? அவங்களுக்கு அதைக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

தில்லைநாயகி பருப்புப் பைக்கு விலை ஒட்டிக்கொண்டு நிண்டவ. நிமிந்து பாக்கேல்லை. "லவனுக்கு டூப்ளிக்கேற் அடிக்கப் போறியளே?"

அதோடை அந்தக் கதை முடிஞ்சுது.

அடுத்த யோசினை தன்ரை சட்டத்துக்குள்ளையே கிடந்தது. ஊர்ப் பெடியனாய் இல்லாதவன் விளையாடேலாது. உந்த அல்பிரட் ஆர்? தகப்பன் மன்னார் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஒபர்வில்லியேயிலை ஒரு குடோனிலை வேலை. அப்ப தாய்? பேர்ளி எண்டு ஒரு மனிசி, ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்குப் போறது, வேறை சனத்தோடை பெரிசாப் புழங்கிறதில்லை. செங்கதிரிலை கேட்டால், "தாய் எங்கடை ஊர்தான் அண்ணை" எண்டு ஒரு வழுக்கல் மறுமொழி. எங்கடை ஊரிலை பேர்ளி எண்டு ஒருத்தி இருந்தவளே? தவரத்தாருக்கு நல்லாத் தெரியும், இல்லை.

அண்டையிலை இருந்து மனிசன் துப்பறியத் தொடங்கினார். தலைமயிர் வெட்டத் தேவையில்லாமலே சலூனுக்குப் போனார்.

"உந்தச் செங்கதிர்ப் பெடியன்ரை தாய் எந்த ஊர் எண்டு தெரியுமே?"

"மன்னாரெண்டுதான் கேள்வி. ஏன் அண்ணை, உங்கடை மோளுக்கே?"

"விசர்க்கதை கதையாதை. காதடியை வடிவா எடு."

மீன்கடையிலை கேட்டார், நீர்கொழும்பு எண்டாங்கள். உடுப்புத் தைக்கிற அக்காவிட்டைக் கேட்டார், பாண்டிச்சேரி எண்டா. அந்த அக்காவுக்குத் தெரியாத ஆக்கள் எல்லாரும் பாண்டிச்சேரிதான். ஊரிலை வடக்குக் கரையிலை இருந்து வந்த ஒரு கிழவர், உந்த உயரம் எங்கடை ஊரிலை பனைக்கும் தென்னைக்கும் தவிர ஒருத்தருக்கும் இல்லை எண்டு தீர்ப்பே சொல்லிப்போட்டார். தவரத்தாருக்கு அது போதும். லாச்சப்பல் முழுக்க விசாரிச்சாச்சு. ஒருத்தரும் ஊரெண்டு சொல்லேல்லை. தலைமயிர்தான் எலி கடிச்ச மாதிரிப் போச்சு, மாசத்திலை எத்தினை தரம் வெட்டுறது.

போட்டி நாள் நல்ல வெயில். பொபினி மைதானத்திலை கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு மேசையிலை கப்பும் படமும் வைச்சாச்சு. எதிர்பார்த்த மாதிரியே கடைசி ஆட்டம் வெண்சங்கும் செங்கதிரும். காசு சுண்டிப் பக்கம் பிரிக்கப் போற நேரம் தவரத்தார் கையைத் தூக்கினார்.

நடுவர் வலன்ரைன். ஊரிலை தபாற்கந்தோரிலை இருந்தவர். அவற்றை வீடு சந்தியிலை இருந்ததாலை கிழக்குமில்லை மேற்குமில்லை, அதுதான் அவரிட்டை விசிலைக் குடுத்திருக்கு.

"என்ன தவரத்தினம்?"

"உந்தப் பெடியன் விளையாடேலாது. ஊரில்லை."

சனம் வட்டம் கட்டீட்டுது. வாமதேவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "ரண்டு வருசமா விளையாடினவன் அண்ணை. இப்பதான் உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்ததோ?"

"சட்டம் சட்டம்தான்."

"சட்டம் ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப மூண்டு தரம் வெண்டால் கப் சொந்தம் எண்டதும் நீங்கள்தானே. அதையும் மறவாதேங்கோ."

கொஞ்சப்பேர் சிரிச்சினம். வலன்ரைன் விசிலை வாயிலை இருந்து எடுத்தார். "சும்மா கத்தாதேங்கோ. பெடியன்ரை தாய் எங்கடை ஊரோ இல்லையோ? தாயைத் தெரிஞ்ச ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. சாட்சி இல்லாட்டி பெடியன் வெளியிலை நிக்கவேண்டியதுதான்."

செங்கதிர் ஆக்களே ஒருத்தற்றை மூஞ்சையை ஒருத்தர் பாக்கினம். அவங்களுக்கும் பெடியன் சொன்னதுதான் தெரியும். அல்பிரட் தலையைக் குனிஞ்சு காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு நிண்டான். தவரத்தாற்றை நெஞ்சிலை இருந்த கல்லு மெல்ல இறங்கத் தொடங்கிச்சுது.

"நான் சொல்லுறன்," எண்டு ஒரு குரல்.

வடைச்சட்டிப் பக்கம் இருந்து. எண்ணெய்க் கரண்டியும் கையுமா தில்லைநாயகி.

"பேர்ளி எண்டுறது அவள் கலியாணத்துக்கு வேதத்துக்கு மாறி ஞானஸ்நானம் எடுக்கேக்கை வைச்ச பேர். அவள் பவளராணி. எங்கடை ஊர், வைரவர் கோயிலுக்குப் பின் ஒழுங்கை. சைக்கிள் கடைச் சின்னத்துரையற்றை கடைசிப் பெட்டை. சின்னனிலையே குடும்பத்தோடை மன்னாருக்குப் போனவள்."

தவரத்தாருக்குச் சைக்கிள் கடைச் சின்னத்துரையைத் தெரியும். நல்லாத் தெரியும்.

தில்லைநாயகி விடேல்லை. "சின்னத்துரை ஆர்? இவற்றை தேப்பனுக்கு ஒண்டுவிட்ட தம்பி. அப்ப பவளராணி இவருக்குத் தங்கச்சி முறை. உந்தப் பெடியன் இவருக்கு மருமோன். ஊர் மட்டுமில்லை, கிழக்குப் பக்கம்."

மைதானத்திலை ஒரு நிமிசம் வடை பொரியிற சத்தம்தான் கேட்டுது. பிறகு சனம் சிரிக்கத் தொடங்கிச்சுது பாருங்கோ, சிலபேர் புல்லிலை இருந்திட்டினம். தவரத்தார் மனிசியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"உமக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"அவள் இஞ்சை வந்த காலம் தொட்டு. ரெலிபோனிலை கதைக்கிறனாங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களே? சலூனிலை கேட்டியள், மீன்கடையிலை கேட்டியள், பாண்டிச்சேரி எண்டு சொல்லுற மனிசியிட்டையும் கேட்டியள். வீட்டுக்குள்ளை ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைச்சுப் பாத்தியளே?" பிறகு குரலைக் குறைச்சுக்கொண்டு சொன்னா, "அவள்தான் சொல்லவேண்டாம் எண்டவள். வேதத்திலை கட்டினவள் எண்டு சனம் வாய்க்குள்ளை போட்டுச் சப்பும் எண்டு பயம். இண்டைக்கு அவளின்ரை பிள்ளையை வெளியிலை விட்டால் நான் எந்த முகத்தோடை ரெலிபோன் எடுக்கிறது?"

அதுக்குள்ளை வெண்சங்கிலை ஒருத்தர் புத்திசாலித்தனமா ஒரு கதையை எடுத்து விட்டார். பெடியன் கிழக்கெண்டால் எங்களுக்கெல்லோ விளையாடவேணும் எண்டு. வலன்ரைன் பெடியனைப் பாத்தார். அல்பிரட் தோளைக் குலுக்கிப் பிரெஞ்சிலை, தான் தன்ரை கூட்டாளியளோடைதான் விளையாடுவன் எண்டான். பிறகு தவரத்தாரைப் பாத்து, கொஞ்சம் யோசிச்சு, தமிழிலை கேட்டான்: "அப்ப நான் உங்களை மாமா எண்டு சொல்லவேணுமா?"

"முதல் விளையாடு," எண்டார் தவரத்தார்.

விளையாடினான். அதைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டுமில்லை. வெண்சங்கு குறை விடேல்லை. சீனிக்காரர் ஓடினார், கொட்டாவிக்காரர் கூடப் பாய்ஞ்சு விழுந்து ரண்டு பந்து எடுத்தார். ஆனால் மருமோன் எழும்பி அடிக்க அடிக்க, கிழக்குப் பக்கம் மண்ணோடை மண்ணாய்ப் போச்சு. சனத்திலை ஒருத்தர், உந்தக் கை லவன்ரை கையெல்லோ எண்டார். தவரத்தாருக்கு உது பிடிக்கேல்லை. "சும்மா இரும். லவன் தூக்கிக் குடுக்கிறவன். உவன் அடிக்கிறவன்" எண்டார்.

பிறகு கப் குடுக்கிற நேரம் வந்தது. தன்ரை கையாலை குடுப்பன் எண்டு மைக்கிலை சொன்ன வாய். தவரத்தார் கப்பைத் தூக்கினார். வாமதேவன் ரண்டு காதையும் பிடிச்சார். பிடிச்சு இழுக்க, கப் வரேல்லை. தவரத்தாற்றை விரல் விடேல்லை. வேணுமெண்டு இல்லை, விரல் தன்பாட்டிலை நிண்டிட்டுது. ரண்டு பேரும் கொஞ்ச நேரம் கயிறு இழுக்கிற ஆக்கள் மாதிரி நிண்டினம்.

"விடுங்கோவனப்பா," எண்டா தில்லைநாயகி, ஆறுதலா.

விட்டார். படத்தைக் குடுக்கேல்லை. அதைச் சேட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு மெற்றோ ஏறினார்.

அடுத்த நாள் காலமை றோட்டுக்கு அங்காலை வாமதேவன்ரை கண்ணாடிக்குள்ளை கப் நிண்டுது. தவரத்தார் பாக்கேல்லை. பாக்காமல் இருக்கிறதுக்கு, தன்ரை கடைக் கண்ணாடியை மறைச்சு அரிசி மூட்டையளை அடுக்கினார். அந்தக் கிழமை முழுக்க "ம்" இல்லை. ரிடோ மட்டும் கடகடவெண்டு போச்சு.

ஆனால் அரிசி மூட்டையாலை பின்பக்கத்தை மறைக்கேலாது. அலுமாரி வெறுமனே கிடந்தது. ஒருநாள் ஊறுகாய்ப் போத்தலை அடுக்கிப் பாத்தார், வடிவில்லை எண்டு எடுத்தார். லவன்ரை படம் மட்டும் தனிய நிண்டுது, அதுக்கு முன்னாலை செவ்வந்தி. அண்டைக்குத்தான் அவருக்கு அது பட்டது. கப்புக்குப் பக்கத்திலை இருக்குமட்டும் அவன் ஒரு விளையாட்டுக்காரன். வெண்டு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிண்டவன் மாதிரி இருந்தவன். இப்ப தனிப் படம், முன்னாலை ஒரு பூ. எந்தச் செத்த வீட்டிலையும் இருக்கிற படம் மாதிரிப் போச்சு. அந்த வெள்ளை மனிசி கேட்டது அவருக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. பூவை எடுத்து மேசையிலை வைச்சார். பிறகு திரும்பவும் வைச்சார்.

அது சோல்ட் மாதம். பாரிஸ் முழுக்க மலிவு விலை எண்டு கடதாசி ஒட்டுற காலம். ஒருநாள் பின்னேரம், வெண்டிக்காய் வாங்க வந்த ஒரு ஆபிரிக்கக்காரர் தவரத்தாரிட்டை ஒரு கேள்வி கேட்டார். அங்காலைக் கடையிலை அரை விலைக்கு ஒரு பெரிய கப் கிடக்கு, தன்ரை மகன்ரை பள்ளிக்கூடப் போட்டிக்கு எடுக்கலாம், கடைக்காரர் இன்னும் குறைப்பாரோ எண்டு.

தவரத்தார் அரிசி மூட்டைக்கு மேலாலை எட்டிப் பாத்தார். மெய்தான். லவன்ரை கப்புக்கு நேரை மேலை, கண்ணாடியிலை, சிவப்புக் கடதாசியிலை பெரிசா "சோல்ட், ஐம்பது வீதம்."

கன வருசமா அவர் அந்தப் பக்கத்து நடைபாதையிலை கால் வைச்சதில்லை. வெண்டிக்காயும் கொத்தமல்லியும் நிறுத்துக்கொண்டு நிண்டவர், நிறுத்தது நிறுத்தபடி கிடக்க, காரையும் பாக்காமல் றோட்டைக் கடந்தார். நேரை போய்க் கடதாசியைக் கிழிச்செடுத்தார்.

வாமதேவன் ஒருத்தருக்கு ரெலிபோன் கண்ணாடி மாத்திக்கொண்டிருந்தவர். நிமிந்தார். "என்ன அண்ணை?"

"என்ரை தம்பியை அரை விலைக்கு விக்கிறியோ வாமு?"

வாமதேவன் வெளியிலை வந்து கண்ணாடியைப் பாத்தார், கடதாசியைப் பாத்தார், தலையிலை கை வைச்சார். "சத்தியமா அண்ணை, மனிசி ஒட்டினது. ரெலிபோன் உறைக்கு ஒட்டினது. நான் கவனிக்கேல்லை." உண்மையாவே ஆளின்ரை மூஞ்சை செத்துப்போச்சு. "உள்ளுக்கை வாங்கோ. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. இப்பிடிப் போனால் நான் சாப்பிடமாட்டன்."

வண்டியைப் பாத்தால் நம்பேலாத கதைதான். ஆனாலும் தவரத்தார் உள்ளுக்கை போனார். தேத்தண்ணி வந்தது. ரண்டு பேரும் கப்பைப் பாத்துக்கொண்டு இருந்தினம்.

"அண்ணை, வாறவன் போறவன் எல்லாம் கேக்கிறான், லவன் ஆர் எண்டு," எண்டார் வாமதேவன். "என்னத்தைச் சொல்ல? நான் அவனுக்கு எதிர்ப்பக்கம் நிண்டவன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நெற்றுக்கு அங்காலை நிண்டு பாத்ததுதான்."

"என்ன பாத்தனி?"

"சிரிப்பான்."

"ஆர், லவனோ? விளையாடேக்கை அவன் ஒருநாளும் சிரிக்கமாட்டான். நான் எல்லா ஆட்டமும் பாத்தனான்."

"நீங்கள் எங்கை நிண்டு பாத்தனீங்கள்? உங்கடை ரீமுக்குப் பின்னாலை, தண்ணிப் போத்தலோடை. நீங்கள் பாத்தது அவன்ரை முதுகு. மூஞ்சையைப் பாத்தது நான்." வாமதேவன் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு, ரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "முன்னுக்குக் குடுக்கிறதெண்டால் சும்மா குடுப்பான். தலைக்கு மேலாலை பின்னுக்குக் குடுக்கிற நேரம் மட்டும் என்னைப் பாத்து ஒரு கடைவாய்ச் சிரிப்பு. எனக்குத் தெரியும், பந்து இப்ப பின்னுக்குப் போகப்போகுதெண்டு. தெரிஞ்சும் ஒருநாளும் தடுக்கேலாமல் போச்சு. சிரிப்பைப் பாத்துக்கொண்டே நிண்டிடுவன். விசர் வரும் அண்ணை."

தம்பியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒண்டு இந்த உலகத்திலை இருக்கெண்டு தவரத்தார் நினைச்சிருக்கேல்லை. அதுவும் இந்த வண்டிக்காரனிட்டை இருக்குமெண்டு.

"எந்தப் பக்கம்?" எண்டு கேட்டார்.

"என்ன எந்தப் பக்கம்?"

"சிரிப்பு. எந்தக் கடைவாய்?"

வாமதேவன் யோசிச்சார். "இடது."

தவரத்தாற்றை தகப்பனுக்கும் இடதுதான். அதை அவர் சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுப்போட்டு எழும்பினார். கடையிலை கொத்தமல்லி நிறுத்தபடி கிடந்தது, அந்த ஆபிரிக்கக்காரர் தில்லைநாயகியிட்டைக் காசு குடுத்துக்கொண்டு நிண்டார்.

அடுத்த நாள் காலமை தவரத்தார் ஒரு கையிலை படத்தோடையும் மற்றக் கையிலை செவ்வந்தியோடையும் றோட்டைக் கடந்தார். வாமதேவன் ரெலிபோன் உறையளைத் தள்ளி இடம் விட்டார். தவரத்தார் படத்தைக் கப்புக்குப் பக்கத்திலை வைச்சு, கொஞ்சம் சரிச்சு, பூவை முன்னாலை வைச்சார். தள்ளி நிண்டு பாத்தார். பெடியன் திரும்பவும் கப் வெண்டவன் மாதிரி நிண்டான். எந்தப் பக்கத்துக்கு வெண்டான் எண்டு ஆர் கேக்கப்போறான்.

அரிசி மூட்டையளை அண்டைக்கே இறக்கீட்டார். இப்ப நீங்கள் லாச்சப்பலுக்குப் போனால், காலமை வேளையிலை ஒரு மனிசன் ஒரு பூவோடை றோட்டைக் கடக்கிறதைக் காணலாம். பச்சை லைற் எரியிற நேரம் பாத்தெல்லாம் கடக்கிறதில்லை. கார்க்காரர் பேசுவாங்கள். மாரியிலை ஒருக்கா ஆள் காய்ச்சலிலை படுத்திட்டார். அந்தக் கிழமை வாமதேவன் தான் வந்து, "அக்கா, பூ" எண்டு தில்லைநாயகியிட்டைக் கை நீட்டினவர். அவ பூவையும் குடுத்து, இந்த வண்டியைக் குறைக்கச் சொல்லி ஒரு கதையும் குடுத்து அனுப்பினா.

அடுத்த வருசம் போட்டிக்கு முதல், வாமதேவன் ஒரு யோசினை சொன்னார். அந்தப் பெரிய கப்பையே திரும்பப் போட்டிக்கு வைப்பமோ எண்டு. தவரத்தார் வேண்டாமெண்டார். "வெண்டது வெண்டதுதான். குடுத்ததைத் திரும்ப வாங்கிறது வடிவில்லை." ரண்டு பேரும் சேந்து புதுக் கப் ஒண்டு எடுத்தினம், பேர் லவன் கப்தான். சட்டம் வாசிக்கிற நேரம் மைக்கைத் தில்லைநாயகி தன்ரை கையிலை வைச்சுக்கொண்டா. மூண்டு தரம் எண்ட கதையே வரேல்லை. பேர்ளியும் அண்டைக்கு வந்தவ, வடைச்சட்டிக்குப் பக்கத்திலை நிண்டு வெங்காயம் அரிஞ்சவ. சனம் சப்பினது கொஞ்ச நேரம்தான். வடை வரச் சனத்துக்கு வாய் நிறைஞ்சு போச்சு.

கடைசி ஆட்டம் வழமை போலை வெண்சங்கும் செங்கதிரும். அல்பிரட் இன்னும் ஒரு விரற்கடை வளந்திருந்தான் போலை கிடந்தது. வலன்ரைன் விசில் ஊதப் போகேக்கை வெண்சங்குக்காரர் தண்ணிக்குத் திரும்பிப் பாக்கினம், பின்னாலை தவரத்தாரைக் காணேல்லை. தேடிப் பாத்தால் ஆள் மற்றப் பக்கம், செங்கதிர்க்காரருக்குப் பின்னாலை, வாமதேவனுக்குப் பக்கத்திலை, தண்ணிப் போத்தல் பெட்டிக்கு மேலை இருக்கிறார்.

சனம் உடனை குசுகுசுக்கத் தொடங்கீட்டுது. கட்சி மாறீட்டார், மருமோனுக்காகப் போட்டார், வாமதேவன் தேத்தண்ணியிலை என்னத்தையோ கலந்து குடுத்திட்டான். தில்லைநாயகி கரண்டியோடை வந்து கேட்டா, "என்னப்பா, இஞ்சை இருக்கிறியள்? உங்கடை ரீம் அங்கையெல்லோ?"

"ஓம், அங்கைதான்," எண்டார் தவரத்தார். நெற்றுக்கு அங்காலை, பந்து தூக்கிக் குடுக்க நிக்கிற தன்ரை ரீம் பெடியனிலை வைச்ச கண்ணை எடுக்கேல்லை. "இஞ்சை இருந்தால்தான் மூஞ்சை தெரியும்."